வேட்டு வைத்துக் கேட்பவர்

என்னைப் பெண் பார்க்க வந்தவரைக் காப்பிகூடக் குடிக்க விடாமல் அப்பா கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா நாச்சிமுத்துவுக்கு வேலம்பாளையத்தில் வீட்டை ஒட்டியே பனியன் கம்பெனி. துணி வெளுக்கத் தண்ணீர் இல்லை. நீரோட்டம் பார்த்தவர்கள் சத்தியம் செய்து காட்டிய இடத்தில் தோண்டிய கிணறுகள் பாறையில் முட்டி நின்றன. வந்தவர் உடுமலைப்பேட்டைத் தண்டாயுதபாணி. தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய் தேடும் அரசாங்கக் குழுவில் வேலை. குழி போட்டு வேட்டு வைப்பார்கள் என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். எங்கள் ஊரில் வேட்டு என்றால் கிணற்றுக்குத்தான். முருகனே ஆள் அனுப்பிவிட்டான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

அவரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. தண்ணீர் காட்டாவிட்டால் அப்பா தட்டிக்கழித்துவிடுவாரே என்று பயந்தேன். அதில் தப்பினாலும் பூக் கேட்பது இருக்கிறது. கோயிலில் வெள்ளைப்பூ, சிவப்புப்பூப் பொட்டலம் வைத்து உத்தரவு கேட்காமல் அப்பா எதையும் செய்யமாட்டார்.

இருவரும் கிணற்றடியிலிருந்து கம்பெனிக்குள் வந்தார்கள். கதவோரம் நின்று கேட்டேன். வெட்டுவதற்காக மேசையில் அடுக்கியிருந்த துணிக்கு அடியில் அவர் கையை நுழைத்து மேடாக்கினார். தஞ்சாவூர்ப் பக்கம் பூமியும் இப்படி அடுக்கடுக்காக இருக்கிறதாம். அதில் மணற்பாறை அடுக்கு, வேர்வையைக் குடிக்கும் பனியன் மாதிரி எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். மேலே நெருக்கமான களிமண் அடுக்கு மூடியிருப்பதால், மேலேறும் எண்ணெய் மேட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். வேட்டுச் சத்தம் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும். திரும்பிவரும் நேரத்தை வைத்து மேடு எங்கே என்று கண்டுபிடிப்பார்கள்.

அப்பாவுக்குப் பனியன் புரியும். தலையாட்டினார். நம் கிணற்றுக்கு எங்கே வேட்டு வைக்கலாம் என்று கேட்டார்.

"இங்க அடுக்கே இல்லீங்க, பூராவும் ஒரே கல்லுங்க. தண்ணி எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அங்கயாவது எண்ணெ கெடச்சுதா?"

"மேடு கெடச்சுதுங்க. எண்ணெ இன்னும் இல்லீங்க."

பிழைக்கத் தெரியாத மனுஷன். ஒரு மூலையைக் கைகாட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்? எனக்கு அழுகை முட்டியது.

அப்பா துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பூ என்றைக்குக் கேட்கலாம் என்று கூட வந்திருந்த தரகர் மெதுவாக இழுத்தார்.

"தெரியாதுன்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறனுங்க. இதுக்குப் போய்ச் சாமிய எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?" என்றார் அப்பா. பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "காப்பி ஆறிப்போச்சு கண்ணு. மாப்பிள்ளைக்கு வேற கொண்டா."

சந்தோஷத்தில் அந்தக் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.