இடப்பக்கம் இழுக்கும் தவளை

“குடிச்சிருந்தவன் எண்டு நீ சொல்லவேண்டாம், கிளெமென்ற். அதை நான் சொல்லுறன். பிறேக்கில ஒரு பிழையும் இல்லை எண்டு மட்டும் நீ சொன்னாக் காணும்.”

“நான் இன்னும் வண்டியைத் திறக்கவேயில்லை, சேர்.”

“திறந்துதான் பாரன். ஆர் வேண்டாமெண்டது?”

சவுந்தரநாயகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கிளெமென்றின் கராஜ் வாசலிலேயே நின்றார். கால்வாய் துப்புரவு செய்யும் ஒப்பந்தங்களை எடுப்பவர் அவர். கால்வாயின் மணம்தான் அவருக்கு ஆகாது. கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் அவருடைய வண்டியை லொறியிலிருந்து இறக்கியதுமே அக்கம்பக்கத்து வீடுகள் யன்னல்களைச் சாத்திக்கொண்டன.

எட்டுச் சக்கரமும் தோணி போன்ற அடிவயிறும் கொண்ட வண்டி. தண்ணீரிலும் போகும், சேற்றிலும் போகும். வேலையாட்கள் அதைத் தவளை என்பார்கள். திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது, இரண்டு கைபிடிகள் மட்டும். இடது கைபிடியை இழுத்தால் பிறேக் இடப்பக்கச் சக்கரங்களைப் பிடிக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். விட்டால் நேரே போகவேண்டும்.

போன வாரம் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் அது நேரே போகவில்லை. இடப்பக்கம் திரும்பி, பாசி வாரிக்கொண்டிருந்த பழனியம்மாவைச் சுவரோடு வைத்து நெரித்தது. ஓட்டியவன் இராமர், அவளுடைய சொந்தத் தம்பி. இனிக் குடிப்பதில்லை என்று தைப்பொங்கலன்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன். இப்போது அவள் கால் முறிந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவன் வார்ட்டுக்குப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

“நான் குடிக்கலண்ணே,” என்றான் வண்டியருகே நின்ற இராமர். அன்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தான். “கைய விட்டுட்டேன். அதுதான் விடல.”

“குடிக்காம ஆரடா அந்தக் கால்வாயில இறங்குறது?” சவுந்தரநாயகம் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். “உங்கட ஆக்கள் எல்லாரும் ஒண்டுதான்.”

இராமர் தலையைக் குனிந்துகொண்டான். கிளெமென்ற் அடித்தட்டின் மூடியைக் கழற்றினான்.

மணம் ஒரு மிருகம்போல எழுந்து வந்தது. உள்ளே கறுப்புக் கூழ். அதில் ஹோட்டல் சோறு, கோழிக் குடல், யாரோ பெண்ணின் நீளத் தலைமுடி, குழந்தைகளின் பம்பர்ஸ் ஊதிப்போய் வெள்ளை வெள்ளையாக. நகரம் முழுவதும் இரவில் கனவு கண்டு, விடிந்ததும் அதையெல்லாம் இங்கே வாந்தியெடுத்திருந்தது போலத் தோன்றியது. கிளெமென்ற் வெளியே ஓடி, மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்களித்தான். பிறகு வாயைக் கழுவிவிட்டு வந்து, முழங்கைவரை உள்ளே விட்டான். தலைமுடி பிறேக்கைச் சுற்றிக் கயிறாக முறுகியிருந்தது. அதை இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது.

“இதுதான் பிழைபோல,” என்றான்.

“பாத்தியா? கழுவாம விட்டவன் ஆர்? இவன்தானே!” சவுந்தரநாயகத்தின் குரலில் உற்சாகம் வந்துவிட்டது.

கிளெமென்ற் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வண்டியை ஜக்கில் தூக்கினான். இராமரை ஏறச்சொல்லி இரண்டு கைபிடிகளையும் இழுத்து, பிறகு விடச் செய்தான். வலப்பக்கச் சக்கரங்கள் கையால் தள்ளியதும் இலேசாகச் சுழன்றன. இடப்பக்கத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

“இப்ப விட்டுட்டியா?”

“விட்டுட்டேண்ணே. கை வெறுங்கை. பாருங்க.”

கிளெமென்ற் இடப்பக்கப் பிறேக்கிலிருந்த சிறிய நட்டை இளக்கினான். அடைபட்டிருந்த பிறேக் ஒயில் சீறிக்கொண்டு அவன் கழுத்தில் அடித்தது. உடனே சக்கரங்கள் சுழன்றன. அப்படியென்றால் பிழை இங்கே இல்லை. கைபிடியை விட்ட பிறகும் ஒயில் திரும்பிப் போக வழியில்லாமல் மேலே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அவன் எழுந்து, இடது கைபிடிக்குக் கீழேயிருந்த பிறேக் ஒயில் குப்பியின் மூடியைத் திருகினான். உள்ளேயிருந்த றப்பர், மழையில் ஊறிய செருப்புப்போல ஊதி நெளிந்திருந்தது. ஒயிலின் மேலே மஞ்சளாக வேறொன்று மிதந்தது. அதில் கரிந்த திரித்துணியின் ஒரு துண்டு.

முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. அந்த மணம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருமல் வந்தால் அவனுடைய அம்மா யோசெப்பின் நெஞ்சில் தேய்ப்பது இதைத்தான். கராஜின் கதவு நிலையிலும் ஒவ்வொரு திருநாளுக்கும் பூசுவாள். அந்தோனியார் எண்ணெய், கோயில் விளக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தேங்காயெண்ணெய்.

“சேர், இதுக்குள்ள எண்ணெய் விட்டது ஆர்?”

கைக்குட்டை மெல்ல இறங்கியது.

“திருநாளண்டு... வண்டிக்கு ஒரு பாதுகாப்புக்கு. சின்னப் போத்தல்தான். வலப்பக்கத்துக்கு மிஞ்சேல்ல.”

“மேலால பூசுறதுதானே, சேர், எல்லாரும்?”

“உள்ளுக்கு விட்டா இன்னும் நல்லாப் பிடிக்கும் எண்டு நினைச்சன்.”

“பிடிச்சுத்தான் கிடக்கு. தேங்காயெண்ணெய் பட்டா இந்த றப்பர் ஊதிப்போகும். பிறகு பிறேக் விடாது.”

“அய்யா ஊத்தினத நானும் பாத்தேன்,” என்றான் இராமர், யாரிடமோ சொல்வதுபோல. “சாமி காரியம்னு கும்பிட்டுக்கிட்டு நின்னேன்.”

“நீ வாயை மூடு!” சவுந்தரநாயகம் முதன்முறையாக உள்ளே வந்தார். கூழை மிதிக்காமல் கால்விரல்களில் நடந்து வந்து, கிளெமென்றின் காதருகே குனிந்தார். வாயில் ஏலக்காய் மணத்தது. “அது அந்தோனியாற்ற எண்ணெய். அது ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது. நீயும் நானும் ஒரே கோயில், கிளெமென்ற். நாளைக்கு இன்சுரன்ஸ்காரன் வருவான். ஊத்தை அடைஞ்சு கிடந்தது, டிரைவர் கழுவேல்லை. அவ்வளவுதான். என்ர மற்ற லொறியளும் உன்னட்டத்தானே வரப்போகுது?”

கிளெமென்ற் அந்த வாயைப் பார்த்தான். பிறகு தோளிலிருந்த துணியால் தன் காதைத் துடைத்துக்கொண்டான்.

சவுந்தரநாயகம் நிமிர்ந்து, நெஞ்சில் சிலுவை அடையாளம் இட்டார். வாசலுக்குப் போனதும் நாற்றம் தாங்காமல் ஒழுங்கையில் காறித் துப்பிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் கிளெமென்ற் வண்டிக்குத் திரும்பினான். கழுத்தில் பிறேக் ஒயில் எரிந்தது. இராமர் குப்பிக்குள் இரண்டு விரலை விட்டு, ஊதிப்போன றப்பரைக் கவனமாக வெளியே எடுத்தான். தன் சட்டையிலேயே அதைத் துடைத்து, சோறு கட்டும் தாள் ஒன்றில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

“அண்ணே, பின்னேரம் வார்ட்டுக்குள்ள விடுவாங்க. நான் சொன்னா அக்கா நம்பாது. நீங்க இத எடுத்துக்கிட்டு ஒருக்கா வந்து, என்ன நடந்துச்சுன்னு அதுக்கிட்ட சொல்றீங்களா?”