கீழே நின்றவன்

காணை பெரியதம்பிக்குத் திண்டிவனம் ஆகாத ஊர். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நல்ல விலை கொடுக்கும் மண்டிகள் அங்கேதான் இருந்தன. ஆனாலும் அறுப்பு முடிந்தால் அவர் வண்டி விழுப்புரம் பக்கமே திரும்பும். மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போனால்கூடச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே வீடு வந்து சேர்வார். அந்த ஊரில் யாரையாவது வைத்துக்கொண்டிருந்து சண்டையாகிவிட்டதா என்று மனைவி ராஜாமணி ஒருமுறை கேட்டே விட்டாள். வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆள் பொம்பளை இல்லை. திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மாசிலாமணி.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆவணி பிறக்கிற சமயம். லண்டனில் நம் ஹாக்கிக்காரர்கள் வெள்ளைக்காரனை அவன் வீட்டிலேயே வைத்து ஜெயித்த செய்தி வந்திருந்தது. முருகையன் டீக்கடையில் முருகையனே பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஹாக்கி முடிந்து கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் அவன் விடவில்லை. ஒற்றைக் கம்பி விளையாட்டில் சுவிட்சர்லாந்துக்காரன் ஒருவன் முதலாவதாக வந்தானாம். முருகையன் படித்த விதத்தில் அந்தப் பெயரை அவன் அம்மாவே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியதம்பி மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒற்றைக் கம்பிக்காரர்தான். அப்போது வயது இருபத்திரண்டு. அந்த வயசுப் பிள்ளையை அவர் இவர் என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் என்றே சொல்லுவோம்.

பெரியதம்பியும் மாசிலாமணியும் விழுப்புரம் ஜங்ஷன் எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளி எஞ்சின் துடைக்கிற கலாசிகள். ஒரே ஊர், ஒரே வயசு. ஆனால் காணையில் பெரியதம்பி வீட்டு வாசலோடு மாசிலாமணி நின்றுவிட வேண்டும், பேச்சுக்குப் பேச்சு "ங்க" போட வேண்டும். ஷெட்டுக்குள் வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே கரியில் கறுத்து "டேய்" ஆகிவிடுவார்கள். அந்த ஷெட்டை நினைத்தால் பெரியதம்பிக்கு இன்றைக்கும் மனசு இனிக்கும்.

ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு, கழித்துப் போட்ட பாய்லர் குழாய் ஒன்றைக் குறுக்கே மாட்டி, அடியில் பெண்ணையாற்று மணலைக் கொட்டியிருந்தார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் மாசிலாமணி அதில் தொங்குவான். கை மடங்காமல், கால் மடங்காமல் குழாயைச் சுற்றி முழு வட்டமாக மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் கையை விட்டு, காற்றில் ஒரு கரணம் போட்டு மணலில் வந்து நிற்பான். வண்டி கோத்து விடுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அதில் ஒரு சங்கதி உண்டு. சுற்றுகிறவனுக்கு வானமும் பூமியும் ஒன்றாகிவிடும், எந்த நொடியில் கையை விடுவது என்று தெரியாது. கண் இமைப்பதற்குள் தவறினால் கழுத்துப் போய்விடும். தண்டவாளத்தில் பெட்டி கழற்றும்போது கீழே நிற்கிறவன் "விடு" என்று குரல் கொடுப்பான், மேலே இருக்கிறவன் கொக்கியை விடுவான். அதே பழக்கத்தைக் கம்பிக்கும் கொண்டுவந்தார்கள். பெரியதம்பி கீழே நின்று பார்த்து "விடு" என்பான். மாசிலாமணி விடுவான். ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூடப் பிசகவில்லை.

முப்பத்து நாலில் டில்லியில் நாலைந்து தேசத்தார் கூடி விளையாடும் போட்டி வந்தது. ஆள் பொறுக்க வந்த வேங்கடேசன் என்ற பயிற்சியாளர் மாசிலாமணியைப் பார்த்து அசந்துபோனார். அவனை மெட்ராசுக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள் பழக்கினார். பெரியதம்பியும் லீவு போட்டுக் கூடவே போனான். அங்கேதான் அந்தச் சட்டம் தெரிந்தது. கம்பியில் ஆள் இருக்கும்போது கீழேயிருந்து யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஆட்டம் செல்லாது. மனசுக்குள் எண்ணிப் பழகிக்கொண்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்று மாசிலாமணி சொல்லிவிட்டான். பெரியதம்பியை மெத்தை தூக்குகிற ஆளாகச் சேர்த்துக்கொண்டு டில்லிக்கு ரயில் ஏறினார்கள்.

டில்லியில் பல் கிட்டிப்போகிற குளிர். மைதானத்தில் அவ்வளவு ஜனத்தைப் பெரியதம்பி அதுவரை பார்த்ததில்லை. மாசிலாமணி கம்பியைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் விட வேண்டும். விடவில்லை. நாலு, ஐந்து, ஆறு. இதுவும் ஒரு வித்தை என்று நினைத்து ஜனம் கைதட்டியது. பெரியதம்பிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மாசிலாமணி இவன் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். மனசுக்குள் எண்ணியதெல்லாம் மேலே போனதும் மறந்துவிட்டது.

ஒன்பதாவது சுற்றில் கம்பியில் ரத்தம் தெரிந்தது. ஜனம் எண்ண ஆரம்பித்தது. பெரியதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டால் பதக்கம் போய்விடும், அதற்காகத்தான் ஊரே மாலை போட்டு அனுப்பியிருக்கிறது. பதினோராவது சுற்றில் இடதுகை விரல் இரண்டு நழுவியது.

"விடுடா" என்று பெரியதம்பி கத்தினான்.

மாசிலாமணி விட்டான். நட்டுவைத்த கம்பம்போல வந்து நின்றான். ஜனம் எழுந்து ஆரவாரம் செய்தது. நடுவர்கள் மேஜையிலிருந்த தாளில் அவன் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார்கள், அவ்வளவுதான்.

திரும்புகிற ரயிலில் மூன்று நாளும் மாசிலாமணி இரண்டு கையிலும் கட்டோடு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். வந்த மாசமே திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டான். பெரியதம்பியின் அப்பா தவறிப்போக, அவனும் வேலையை விட்டு நிலத்துக்கு வந்துவிட்டான். அந்தக் கூப்பாட்டை மட்டும் இறக்கிவைக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனே விட்டிருப்பானோ, அவசரப்பட்டு அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று பதினான்கு வருஷமாகக் கிடந்து அடித்துக்கொண்டார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் மறுநாள் காலைப் பாசஞ்சரில் ஏறிவிட்டார். திண்டிவனத்தில் இறங்கித் தண்டவாளத்தோடு நடந்து கேட்டைக் கண்டுபிடித்தார். கேட் வீட்டு வாசலில் மாசிலாமணியின் பெண் ஜெயம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் அவள், "காணை மாமாவா? அப்பா தெனம் உங்க பேச்சுதான் பேசும்" என்றாள். சத்தம் கேட்டு மாசிலாமணி வெளியே வந்தார்.

தலை நரைத்திருந்தது. அடுத்து வரும் பாசஞ்சருக்காகக் கேட்டை மூடிவிட்டு, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவர் மனைவி அம்சா கேப்பைக்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்த்து வெளியே போய்விட்டாள். பெரியதம்பி வழியெல்லாம் கோத்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல ஆரம்பித்தார். மாசிலாமணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெட்ராஸ்ல வேங்கடேசன் சார் என்னைத் தனியா கூப்ட்டுக் கேட்டாருடா. டில்லிக்கு எழுதிப் பாக்கலாம், கீழ ஒருத்தன் நின்னுக்கினு ஆடற ஆட்டம்னு சொல்லி ரெண்டு பேரையும் சேத்துக்குவாங்க, டைம் இருக்குதுன்னாரு. நான்தான் வாணாம்னுட்டேன். அவன் சும்மா கத்திக்கினு இருப்பான், நானே எறங்கிடுவேன்னு சொன்னேன்."

பெரியதம்பி கூழைத் தள்ளி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

"ரெண்டு பேரு ஆடனா பேப்பர்ல உன் பேரத்தான் முன்னால போடுவான். என் பேரு ஒரு தடவயாவது தனியா வரணும்னு ஆசப்பட்டேன்டா. அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு உன்னாண்ட பேசறது?"

பெரியதம்பிக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று தள்ளியவனுக்காகவா இத்தனை வருஷம் தூக்கம் கெட்டது? இந்த ஊர்ப் பக்கம் தலைவைக்காமல் மல்லாட்டையைக் கிடைத்த விலைக்குத் தள்ளினோமே, அது ஒன்றுக்காகவே இவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இது தெரிஞ்சிருந்தா நான் கூப்ட்டிருக்கவே மாட்டேன்" என்றார்.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு, நியாயம்தான் என்றார். அவருடைய இரண்டு உள்ளங்கையும் மடியில் விரிந்து கிடந்தன. தோல் சுருங்கி, ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தன. பெரியதம்பி வாசல்வரை போனார். அங்கே நின்றார். அந்த இரண்டு விரலும் நழுவியது அப்படியே கண்முன் வந்தது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

திரும்பி வந்து மாசிலாமணியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இல்லடா. தெரிஞ்சிருந்தாலும் கூப்ட்டுத்தான் இருப்பேன்."

டில்லியில் கை கிழிந்தபோதுகூட அழாத மாசிலாமணி துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்தில் பாசஞ்சர் கடந்து போயிற்று. கேட்டைத் திறக்கச் சொல்லி வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அம்சாதான் போய்த் திறந்துவிட்டாள்.