உலைக்கூடத்துக் கொடி

எண்பத்தேழாம் வருஷ ஐப்பசியில் ஆரோக்கியதாஸ் உயிரோடிருந்தார். மலைமேல் கிளியூர் போகும் வழியில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. டர்பைன் பிளேடு செய்யும் உலோகத்தில் ஒரு கம்பியை மின் உலைக்குள் செக்கச்செவேலெனக் காயவிட்டு, அடியில் எடைக்கல்லைத் தொங்கவிடுவார். கம்பி நூறு மணி நேரம் அறாமல் நிற்க வேண்டும். சித்திரையில் நின்ற அதே ரகக் கம்பி, இப்போது இரண்டு முறை அறுபதிலேயே அறுந்துவிட்டது. அடுத்ததும் அறுந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று சேலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அவர் மனைவி அற்புதத்துக்குக் காவலாளி நல்லமுத்து மேல்தான் சந்தேகம். நல்லமுத்துவின் மருமகன் வேலையில்லாமல் இருந்தான். இவரோ எப்போது பார்த்தாலும் உலைப் பக்கமே நின்றார். எடைக்கல்லோடு இன்னொரு கல்லைக் கட்டிவிட எவ்வளவு நேரமாகும்?

ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோனவள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் நீர் வழிந்து சரியாகத் தெரியவில்லை. உலைக்குப் பக்கத்தில் நல்லமுத்துவின் கை மட்டும் அசைந்தது. உள்ளே பாய்ந்தாள்.

“அங்க என்ன பண்றீங்க?”

“உங்க சேலையத்தானுங்க அம்மிணி திருப்பிப் போடறேன். இந்தப் பக்கம் நொம்ப ஈரம்.”

பனிமூட்ட மாதத்தில் மலையில் துணி காயாது. உலைக்கூடத்தில் அவளுக்குக் கொடி கட்டித் தந்ததே ஆரோக்கியதாஸ்தான்.

“சாக்கு நல்லாருக்குது. எடைக்கல்லுல கை வெக்கலையா?”

“எதுக்குங்க? எம்மருமவன் சோத்துத் தட்டையே தூக்கி வெக்க மாட்டான். அவனுக்கு இந்த வேலையாக்கும்!”

சத்தம் கேட்டு வந்த ஆரோக்கியதாஸ் நீர் வழியும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.

“உலைக்குள்ள போறதும் இந்தக் காத்துதானே? ஈரக்காத்து பட்டுத்தான் கம்பி தாங்காமப் போகுதோ?”

துணிகளை எடுத்துவிட்டு மாட்டிய கம்பி நூற்றுப்பத்து மணி நேரம் நின்றது. அற்புதம் ஒப்பவில்லை.

“நாம பாக்கறோம்னு தெரிஞ்சதும் ஆளு கைய எடுத்துக்கிட்டாருங்க.”

“அப்ப நீயே காவல் இரு,” என்றார் அவர்.

நல்லமுத்துவைத் தலைச்சோலைக்கு, மகள் வீட்டுக்கு அனுப்பினார். புதுக் கம்பி ஒன்றை மாட்டினார். உலைக்கூடத்துச் சாவி அற்புதத்தின் முந்தானையில் இருந்தது. தன் சேலைகளைத் தானே நனைத்துக் கொடியில் போட்டாள்; காயக் காய மறுபடி நனைத்தாள். ஐம்பத்தெட்டாவது மணி நேரத்தில் கம்பி அறுந்தது. கொடி கட்டியது தன் பிழை என்று ஆரோக்கியதாஸ் சேலத்துக்கு எழுதினார். வேலை தங்கியது.

நல்லமுத்து திரும்பி வந்தபோது அவள் சாவியை நீட்டினாள். “தப்பா நெனச்சுட்டேனுங்க.”

அவர் கையை நீட்டவில்லை.

“நீங்களே வெச்சுக்கங்க அம்மிணி. நாளைக்கு வேற எதாச்சும் அறுந்துதுன்னா?”