தளபதிக்காகப் பிடுங்கிய தடிகள்

புதிய இறங்குதுறையைத் திறந்து வைக்கக் கடற்படைத் தளபதியே வருகிறார் என்று கடிதம் வந்த அன்றிலிருந்து, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் றோய்க்கு நிலத்தில் கால் பாவவில்லை. நாட்டைச் சுற்றிக் கிடக்கிற கடலில் தளபதி சொல்வதுதான் சொல். அப்படிப்பட்டவர் கொடிகாமத்துக்குத் தெற்கே, சேறும் கண்டல் பற்றையுமாகக் கிடக்கிற இந்தக் கரைக்கு வருவதென்றால் சும்மாவா என்று கூட்டத்தில் மூன்று தரம் சொன்னார். பிறகு லெனாட்டைப் பார்த்தார்.

துறைக்கு வருகிற கடல் வாய்க்காலின் நடுவில் லெனாட்டின் சிறகுவலை நின்றது. பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் எழுபத்திரண்டு தடி நட்டு, வலையை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரித்துக் கட்டி, வற்றுநீரோடு இறங்குகிற இறாலையும் மீனையும் மறிக்கிற தொழில். சின்ன வள்ளங்கள் அதன் பக்கத்தால் போய்வரும். தளபதியின் படகு போகாது, தடிகளைப் பிடுங்க வேண்டும் என்றார் றோய்.

படகில் வருகிறார் என்று கடிதத்தில் இருக்கிறதா என்று லெனாட் கேட்டார்.

“கடற்படைக்குப் பெரியவர் கடலாலை வராமல் மாட்டுவண்டிலிலையே வருவார்?” என்றார் றோய். கூட்டம் சிரித்தது.

லெனாட் சிரிக்கவில்லை. அந்தக் கரையில் தண்ணீருக்கு உறுதிப் பத்திரம் எழுதுவதில்லை. தடி நிற்கும்வரை இடம் நட்டவனுடையது. தடியில்லாமல் ஒரு தரம் கடல்வெள்ளம் ஏறி வற்றிவிட்டால் அது வெறுந்தண்ணீர், முதலில் நடுகிறவன் எடுக்கலாம். இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் லெனாட் அதைப் பிடித்ததும் அப்படித்தான். அதன்பிறகு பதினாலு வருடமாகக் காய்ச்சலோடும் இறங்கி, முறிந்த தடியை மாற்றி வைத்திருக்கிறார். மகள் ஷெரோன் படித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சிங்களம் மொழிபெயர்க்கிற வேலைக்குப் போனதும் அந்த வாய்க்கால் போட்ட சோற்றில்தான்.

விழா முடிந்தாலும் இடம் தனக்கே என்று சங்கக் கொப்பியில் எழுதச் சொன்னார் லெனாட். றோய்க்கு முகம் கறுத்தது.

“பிடுங்கினாலும் இடம் உங்கடை அண்ணை. இத்தினை பேருக்கு முன்னாலை சொல்லுறன். என்ரை வாய்ச்சொல் காணாதே?”

றோய் கொப்பியில் எழுதவில்லை. மற்றவன் பிடுங்கினால் முறித்துப்போடுவான் என்று லெனாட்டே இறங்கினார். ஒன்றரை நாள். தடியில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு உள்ளங்கையையும் கிழித்தது. உப்புத் தண்ணீர் எரிக்க எரிக்க, றோயையும் தளபதியையும் ஒரே வாயால் திட்டிக்கொண்டு பிடுங்கினார்.

மூன்றாம் நாள் தளபதி தெருவால் வந்தார். ஐந்து ஜீப். கடலைப் பார்த்துக் கொடியோடு நிறுத்தி வைத்திருந்த பாடசாலைப் பிள்ளைகளை அவசரமாக மற்றப் பக்கம் திருப்பினார்கள். பாண்ட் அடிக்கிறவர்கள் துறையின் நுனியிலிருந்து ஓடி வந்தார்கள். வெள்ளை உடுப்பும் தோளில் தங்கப் பட்டியுமாக அவர் இறங்கி, நாடா வெட்டி, மாலை வாங்கினார். பிறகு கடலைப் பார்த்தார். இந்தத் தண்ணீரில் ஒருவரும் மீன் பிடிப்பதில்லையா என்று கேட்டார்.

மொழிபெயர்க்க நின்றது ஷெரோன்தான். றோய் அவள் காதுக்குள், ஐயாவுக்காகத் துப்புரவாக வைத்திருக்கிறோம் என்று சொல்லு பிள்ளை என்றார்.

அவள் அதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு நிற்காமல், துப்புரவாக்கியது என் அப்பாவின் எழுபத்திரண்டு தடியை, நீங்கள் படகில் வருவீர்கள் என்று இவர்களே நினைத்துப் பிடுங்க வைத்தார்கள், இனி அந்த இடம் அவருக்கு இல்லாமல் போகலாம் என்று சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

தளபதி திகைத்துப்போனார். படகில் வருவதாகத் தான் ஒருவருக்கும் அறிவிக்கவில்லையே என்றார். லெனாட்டைக் கூப்பிட்டு மரியாதையாகவே பேசினார். கப்பல்களும் அத்தனை ஆயிரம் ஆட்களும் தன் கட்டளைக்குள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு கரையில் யார் எங்கே தடி நடுவது என்பது தன் கட்டளைக்குள் வராது, அது சங்கமும் கடற்றொழில் அதிகாரியும் பார்க்க வேண்டியது என்றார். பக்கத்தில் நின்ற கடற்படை அதிகாரியிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவரும் குறித்தார். இருபது நிமிடத்தில் ஜீப்புகள் போய்விட்டன.

“அவ்வளவு பெரிய ஆளாலை ஏலாதாம்,” என்றார் லெனாட். “அப்ப ஆருக்குப் பயந்தடா என்ரை தடியைப் பிடுங்கினனீங்கள்?”

றோய் ஷெரோனைப் பார்த்து, ஊர் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தத் தொடங்கினார். அப்போதுதான் யாரோ வாய்க்காலைக் காட்டினார்கள். எல்லோரும் ஜீப்புகளின் பக்கம் திரும்பி நின்ற நேரம் பார்த்து, றோயின் மச்சான் சிமியோன் அங்கே தடி நட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது தடி ஏற்கெனவே நின்றது.

லெனாட் வள்ளத்தைத் தள்ளினார். ஷெரோன் விழாச் சேலையோடு ஏறி மரக்கோலை வாங்கி ஊன்றினாள்.

“வெறுந்தண்ணியிலைதான் நட்டனான் அண்ணை,” என்றான் சிமியோன். “ரெண்டு வெள்ளம் ஏறி வத்தீட்டுது. முறை உங்களுக்குத் தெரியாததே?”

லெனாட் துறையில் நின்ற றோயைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். தன் வாயால் சொன்னதை றோய் இப்போது சொன்னால் போதும். றோய், அது உங்கள் இரண்டு பேருடைய பிரச்சினை என்றார். மற்றவர்கள் சேற்றைப் பார்த்தார்கள்.

லெனாட் தண்ணீருக்குள் குதித்தார். சிமியோனின் முதல் தடியைக் கட்டிப்பிடித்து ஆட்டி, பிடுங்கி, அவனுடைய வள்ளத்துக்குள் எறிந்தார். இரண்டாவதையும் எறிந்தார். சிமியோன் மரக்கோலை ஓங்கினான். ஷெரோன் தங்கள் வள்ளத்தைக் குறுக்கே விட்டு, அடி பார்ப்பம் என்றாள். அவன் அடிக்கவில்லை. ஒன்பது தடியும் வள்ளத்துக்குள் விழுந்தன. பிறகு லெனாட் தன் முதல் தடியை ஊன்றி, மரச்சுத்தியலால் இறுக்கினார். புண்ணிலிருந்து வழிந்த இரத்தத்தில் பிடி வழுக்கியது. போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

சங்கத்திலிருந்து பெயரை வெட்டுவேன் என்று துறையிலிருந்து றோய் கத்தினார்.

“வெட்டு,” என்றார் லெனாட். “மீன் உன்ரை கொப்பியைப் பாத்தே வருகுது?”

கரையில் கிடந்த தடிகளை ஷெரோன் ஏற்றிவர, முப்பத்தொரு தடி நட்டு முடிகையில் நீர் கழுத்துக்கு ஏறிவிட்டது. இனி வற்றும்வரை நட முடியாது. மிச்ச இடம் வெறுமையாகக் கிடந்தது. சிமியோனும் கரைக்குப் போகவில்லை. பத்துப் பாகத் தூரம் தள்ளி, ஒன்பது தடியோடும் வள்ளத்தில் குந்தியிருந்தான்.

லெனாட் தன் வள்ளத்தைக் கடைசித் தடியில் கட்டினார். வீட்டுக்குப் போய்ச் சோறும் தண்ணீரும் மற்றச் சுத்தியலும் கொண்டு வரச் சொல்லி மகளைத் துறையிலிருந்து வந்த வள்ளமொன்றில் அனுப்பிவிட்டு, சிமியோனுக்கு நேரெதிராகத் திரும்பி உட்கார்ந்தார்.