'ரெண்டு நிமிஷம்' வீட்டில் சமைத்த நாள்

தெருவில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் பெயர். டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர். எதைச் செய்தாலும் "ரெண்டே நிமிஷம், ரெடி!" என்று கையைத் தட்டுவார், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கைமணம் உள்ள மனிதர், அதில் பொய்யில்லை. டிவிக்கு வருமுன் பெரிய ஓட்டல் அடுப்புகளில் வெந்து வந்தவர். ஆனால் சொந்த வீட்டு அடுப்பைக் கடைசியாகப் பற்றவைத்தது எப்போது என்று கேட்டால் தலையைச் சொறிவார். அது மனைவியின் ராஜ்யம்.

அந்த மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். சேதி கேட்ட அவளுடைய அண்ணன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வருவதாகப் போன் செய்தார்.

"சாப்பாட்டை வெளியில வாங்கிக்கலாம் மாப்பிள்ளை. உங்க டிவி கிச்சன்ல குழாயைத் திறந்தா தண்ணியே வராதாமே!" என்று சிரித்தார்.

இவருக்குச் சுருக்கென்றது. "நீங்க வாங்க மச்சான், நானே சமைக்கிறேன்" என்று வாயை விட்டுவிட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க வேண்டாத வேலை?" என்றாள் மனைவி.

"நீ ஹாலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நான் ஒரு கை பாத்துடறேன்."

"பாருங்க. எனக்கு இப்போ இருக்கிறதே ஒரு கைதான்."

ஞாயிறு காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனவர், முதலில் திரும்பிய வேகத்திலேயே ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் முழங்கையை இடித்துக்கொண்டார். ஸ்டூடியோவில் எதிர்ப்பக்கம் சுவரே கிடையாது, கேமராக்கள்தான் நிற்கும். கையை வீசி வீசிப் பேசலாம். இங்கே நாலு பக்கமும் சுவர், நடுவில் இவர், இவருக்கும் அடுப்புக்கும் இடையே இவருடைய தொப்பை. அலமாரியைத் திறந்தால் மூடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்றுகூட எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தவில்லை.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல, நீ டிவி பாரு."

வெங்காயம் அங்கே கண்ணாடிக் கிண்ணத்தில் நறுக்கியே வரும். இங்கே உரிக்க வேண்டியிருந்தது. கத்தியோ வெங்காயத்தை வெட்டாமல் தடவிக்கொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில் கத்தியைச் சரட் சரட்டென்று தீட்டினார். அதன்பிறகு கத்தி சொன்னபடி கேட்டது. கோழியைக் கழுவி, மசாலா தடவி, அடுப்பில் ஏற்றினார். மணம் கிளம்பியதும் நெஞ்சு நிமிர்ந்தது. 'ப்பூ, இவ்வளவுதானா!'

அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர்க் கேன்காரர் மணியடித்தார். கேனை வாங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கோழி அடிபிடித்துவிட்டது. ஸ்டூடியோவாக இருந்தால் டைரக்டர் "கட்" சொல்லியிருப்பார். சமையல் மேடைக்கு அடியிலிருந்து, முன்பே செய்து வைத்த இன்னொரு சட்டி மேலே வந்திருக்கும். பழக்கதோஷம், இவர் கையும் மேடைக்கு அடியில் போனது. அகப்பட்டது துடைப்பம்.

துடைப்பத்தை ஓரமாகப் போட்டார். 'ஓட்டல் முதலாளி முன்னாடி இது நடந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உடனே கைகள் தாமாக ஓடின. அடியைச் சுரண்டாமல் மேலாகக் கோழியை வேறு சட்டிக்கு மாற்றினார். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் வெட்டிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சிறு தீயில் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்தார். தீய்ந்த வாடை துளிகூட இல்லை. "அப்படிப் போடு!" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

கோழியை இறக்கிவிட்டு அரிசியை ஏற்றினார். அது தளதளவென்று கொதித்துப் பாதி வேகும்போது தீ நீலமாகத் துடித்தது, சுருங்கியது, அணைந்தது. சிலிண்டர் காலி. மாற்றுச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் பஞ்சுபோல் மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரிடம் போய் நிற்பது?

பானையை ஒரு தட்டால் இறுக மூடினார். அதன்மேல் துண்டு, துண்டின்மேல் கம்பளி. குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து எடுத்துப் போய் ஹால் சோபாவின் மூலையில் வைத்து, சுற்றிலும் தலையணைகளை அடைத்தார்.

மனைவி வாயைப் பிளந்தாள். "என்னங்க அது?"

"சோறு. தூங்குது. சூட்டை வெளியே விடாம இருந்தா அதுவே வெந்துக்கும்."

மச்சான் குடும்பம் வந்து சேர்ந்தது. "எங்கே மாப்பிள்ளை சாப்பாடு? முன்னாடியே செஞ்சு வச்சதை எங்கே ஒளிச்சிருக்கீங்க?" என்று கேட்டபடியே அவர் சோபாவில் சாயப்போனார்.

"மச்சான்! அது மேல உக்காராதீங்க! அது சோறு!"

மச்சான் துள்ளி விலகிய வேகத்தைப் பார்த்து அவர் மனைவியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கம்பளியை மெல்லப் பிரித்தார். தட்டைத் தூக்கினார். குபீரென்று ஆவி. சோறு மல்லிகை மொட்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மலர்ந்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மச்சான் முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு வேகமாக அடுத்த வாயை எடுத்தார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். மூன்றாம் தடவை நீட்டும்போதுதான், "நீங்க நிஜமாவே சமையல்காரர்தான் மாப்பிள்ளை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"முதல்ல கோழியை வாங்கிக்கோங்க மச்சான்" என்று அள்ளிப் போட்டார் இவர்.

மனைவி இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டாள். "நான் வைக்கிறதைவிட நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "ஆனா இருக்கு" என்றாள்.

கேமரா முன்னால் ஆயிரம் உணவை ஒரே ஒரு வாய் ருசி பார்த்துத் தலையாட்டியவர் அவர். அன்று துண்டை உதறிப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் நடுவில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, தன் தட்டில் மலைபோல் சோற்றைக் குவித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.