பாபின் திருகும் பழைய வரிகளும்

"உன் புரோகிராமுக்கு நேத்து நடந்தது எதுவுமே ஞாபகம் இருக்கிறதில்லையே, மருமகளே."

"அதெல்லாம் இருக்கும் அத்தை. நீங்க 'போதும்'னு தட்டிட்டு மூடினா, அன்னிக்கு அடிச்ச வரியையெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கும். மறுநாள் மேல்பக்க அம்புக்குறியைத் தட்டினா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டும். நீங்கதான் மூலையில இருக்கிற பெருக்கல் குறியைப் பட்டுனு அழுத்திடறீங்க. எழுதறதுக்குள்ள கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினா அது என்ன பண்ணும்?"

"கடையைச் சாத்தும்போது ஷட்டர்கிட்ட போய் 'போதும்'னு சொல்லிட்டா இருக்கேன்? இழுத்து விட்டா மூடிக்குது. உன்னுது மட்டும் என்ன விருந்தாளியா, சொல்லிட்டு அனுப்ப?"

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வாரம் ஆகியும் மருமகளின் மனசை விட்டுப் போகவில்லை. அவள் லிஃப்ட் செய்யும் கம்பெனியில் சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். மின்சாரம் போய் வந்தாலும் லிஃப்ட் எந்த மாடியில் நின்றிருந்தது என்பதை அவள் எழுதியது மறக்காது. அப்படிப்பட்டவள் சொந்த மாமியாரின் கடைக்கு எழுதிக் கொடுத்தது மட்டும் மறதிக்காரப் பிள்ளையாக நின்றால் கௌரவக் குறைச்சல் இல்லையா?

கடை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. தையல் மெஷின் உதிரி பாகக் கடை. சுவர் முழுக்க தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான டிராயர்கள், மொத்தம் அறுநூற்று நாற்பது. எந்த டிராயரில் எது என்பது மாமனாரின் தலைக்குள் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது. மாமியார் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒருமாதிரி சமாளித்தார். ஒருநாள் அந்த நோட்டின் மேல் மெஷின் எண்ணெய் முழு புட்டியும் கவிழ்ந்தது. புது மருமகளாக வந்தவள் அடுத்த வாரமே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள்.

கருப்புத் திரை. மூலையில் அந்தப் பெருக்கல் குறியைத் தவிரப் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. 'தேடு' என்று தட்டிப் பொருளின் பெயரைப் போட்டால் எத்தனாவது அலமாரி, எத்தனாவது வரிசை என்று சொல்லும். 'எடு' என்றால் இருப்பில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். புரியாததைத் தட்டினால், 'இந்தக் கட்டளை தெரியவில்லை. உதவி என்று தட்டவும்' என்று பணிவாகச் சொல்லும். மாமியார் தமிழை ஆங்கில எழுத்தில், இரண்டே விரலால், மழைத்தூறல் மாதிரி தட்டுவார். ஆனால் தப்பு வராது.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் மருமகள் புரோகிராமை மாற்றினாள். கடைசியில் மொத்தமாக எழுதும் பழக்கத்தையே தூக்கி எறிந்தாள். எண்டர் தட்டியதும் கோப்பைத் திற, கடைசி வரிக்குக் கீழே இதையும் சேர், உடனே மூடு. இனி பெருக்கல் குறி என்ன, யாராவது பிளக்கையே பிடுங்கினாலும் தட்டியது தட்டியதுதான். எழுதும் பாதி முடிந்தது. படிக்கும் பாதியை, அதாவது காலையில் கோப்பிலிருந்து பழைய வரிகளை ஏற்றி அம்புக்குறிக்குக் கொடுக்கும் பாதியை, அவள் நிறுத்தி வைத்தாள். அவள் ஆபீஸில் அதுதான் முறை. முதலில் எழுதவிடு, நாலு நாள் கழித்துக் கோப்பைத் திறந்து பார், சரியாக இருந்தால்தான் படிக்கவிடு.

எழுத ஆரம்பித்துவிட்டது என்று மாமியாரிடம் சொல்லவில்லை. முழுசாக முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் புருஷனுக்குத்தான் அவசரம். ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்து, கடை வாசல் நிலையில் வாரம் ஒருமுறையாவது தலையை இடித்துக்கொள்ளும் அவனுக்கு வீட்டில் பெயர் குட்டி. நிலம் அளக்கும் சர்வேயர். வாரநாளெல்லாம் வெயிலில் திரிந்துவிட்டு, அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கச் சனிக்கிழமை மட்டும் கடையில் உட்காருவான். அவனுக்குத் தட்டுவது என்றால் வேப்பங்காய். அம்புக்குறி வேலை செய்தால் அம்மா ஏற்கெனவே தேடிய வரிகளை வைத்தே பொழுதை ஓட்டிவிடலாம் என்று, சனிக்கிழமைக்குள் முடித்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. மாமியார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர மாடிக்குப் போயிருந்தார். மருமகள் கோப்பைத் திறந்தாள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்பு அது. தேடிப் போனால் ஒழியக் கண்ணில் படாது. நான்கு நாளில் நூற்றுப் பன்னிரண்டு வரி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவளுக்குத் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள்.

'தேடு பாபின் கேஸ் திருகு. எடு பாபின் கேஸ் திருகு ஒன்று.' திங்கட்கிழமை காலை. சாயங்காலம் மறுபடி அதே. செவ்வாய்க்கிழமை அதே. புதன்கிழமை இரண்டு தடவை. அடிநூல் சுற்றிய பாபினைப் பிடித்து வைக்கும் கேஸில் போடும் கடுகளவு திருகு அது. ஒரு மெஷினுக்கு ஒன்று போட்டால் பத்து வருஷம் அசையாது. இதை வேளைக்கு ஒன்றாக வாங்கிப் போகிறவர் யார்?

அவளுக்குத் தெரியும். தெருக்கோடியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஊசி டாக்டர். நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர், மனைவியை இழந்து பத்து வருஷமான மனுஷர். எந்த மெஷினையும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, 'இதுக்குச் சளி பிடிச்சிருக்கு' என்பார். கடையில் மாமியாரின் சிரிப்பு மாடிவரை கேட்டால், கீழே அவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவள் சிரித்துக்கொண்டே கீழே நகர்த்தினாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

'குட்டி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.'

'உதவி.'

இந்த இரண்டு வரியையும் அவள் மூன்று முறை படித்தாள். முதல் வரியைத் தட்டியிருக்கிறார். புரோகிராம் தெரியவில்லை என்று சொல்லி, உதவி என்று தட்டச் சொல்லியிருக்கிறது. மாமியாரும் சொன்ன பேச்சைக் கேட்டு உதவி என்று தட்டியிருக்கிறார். அதற்குப் பதிலாகத் தேடு, எடு, போதும் என்று கட்டளைப் பட்டியல் வந்திருக்கும். வேறென்ன வரும்?

அதற்குக் கீழே இன்னும் இருந்தது. 'குட்டி நீ கோவிச்சுக்கக் கூடாது.' 'அப்பாவை மறந்துட்டேன்னு நினைக்காதே.' 'அவர் கட்டிக்கிறியான்னு கேட்டு ஏழு மாசமாச்சு, இன்னும் நான் பதில் சொல்லலை.' நடுவில் நிம்மதியாக ஒரு 'தேடு பெல்ட்'. பிறகு, 'மருமகளே நீயாவது அவன்கிட்ட சொல்லேன்.'

மாமியாருக்கு இதெல்லாம் காற்றில் பேசியது மாதிரி. பெருக்கல் குறியை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்று நம்பியிருக்கிறார். இத்தனை நாளும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஏழு மாசத்தில் எத்தனை வரி போயிற்றோ.

கோப்பை மூடினாள். அடுத்தவர் கடுதாசியைப் பிரித்துப் படித்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தாள். கோப்பை அப்படியே அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஏழு மாசம் பதினேழு மாசமாகும், ஊசி டாக்டர் வீட்டில் திருகு குவியும். படிக்கும் பாதியைத் திறந்துவிட்டால் சனிக்கிழமை காலை குட்டி அம்புக்குறியைத் தட்டுவான். ஒவ்வொரு தட்டலுக்கும் அம்மாவின் மனசு ஒரு வரியாகத் திரையில் ஏறும். பெற்றவள் வாயால் கேட்க வேண்டியதை அவன் அப்படியா தெரிந்துகொள்வது?

தானே போய்ப் புருஷனிடம் சொல்லிவிட்டால்? 'நீயாவது சொல்லேன்' என்று இருக்கிறதே. இருக்கிறது. ஆனால் அது அவளிடம் சொன்னதில்லையே. கருப்புத் திரையிடம் சொன்னது.

தவிர, குட்டி எப்படி எடுத்துக்கொள்வான் என்று அவளுக்கே தெரியவில்லை. கடையில் மாமனாரின் மர நாற்காலி ஒன்று இருந்தது. எட்டு மாசம் முன்பு ஒருநாள் ஊசி டாக்டர் பேச்சு சுவாரசியத்தில் அதில் உட்கார்ந்துவிட்டார். குட்டி பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போனபிறகு நாற்காலியைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அதில் அவனுடைய அழுக்குச் சட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஊசி டாக்டர் கடையில் நின்றுகொண்டேதான் பேசுகிறார். மாமியாரின் வாயைப் பூட்டியது அந்த நாற்காலிதான்.

வெள்ளிக்கிழமை மருமகள் அரைமணி முன்னதாகவே ஆபீஸிலிருந்து கிளம்பினாள். கடைக்குள் நுழைந்தபோது ஊசி டாக்டர் நின்றிருந்தார்.

"ஒரு பாபின் திருகு வேணுமாம்" என்றார் மாமியார், அவளைப் பார்க்காமல்.

"மொத்தமா ஒரு பாக்கெட்டா வாங்கிக்கங்களேன். நூறு இருக்கும்" என்றாள் மருமகள்.

"வேணாம்மா, ஒண்ணு போதும்" என்றார் அவர் அவசரமாக. "தேவைப்பட்டா நாளைக்கு வந்துட்டுப் போறேன்." பிறகு நாளைக்குச் சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "திங்கட்கிழமை வரேன்" என்று திருத்திக்கொண்டு, திருகை வாங்காமலே போய்விட்டார்.

மாமியார் திருகை மறுபடி டிராயரில் போட்டார். மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது ஒன்று; வாயில் வந்தது வேறு.

"அத்தை, ஞாபகம் வச்சுக்கிற வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுடுச்சு. இனிமே நீங்க எப்படி மூடினாலும் பரவாயில்லை. எண்டர் தட்டின உடனே எழுதிடும்."

"அப்பாடா. நாளைக்குக் குட்டி புலம்ப மாட்டான்."

"எழுதற பாதியைத் திங்கட்கிழமையே போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. திங்கட்கிழமைலேர்ந்து நீங்க தட்டினது எல்லாமே ஃபைல்ல இருக்கு. படிக்கிற பாதியை இன்னும் திறக்கலை. திறந்தா, நாளைக்கு அம்புக்குறியைத் தட்டறவங்களுக்கு எல்லாமே வரும். அதான் உங்களைக் கேக்கறேன். இருக்கிறதோட திறக்கவா, இல்லை அழிச்சுட்டுக் காலியா ஆரம்பிக்கவா? நீங்க எது சொன்னாலும் செய்யறேன்."

மாமியார் கையில் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். விசைப்பலகையைத் துடைத்தார். திரையைத் துடைத்தார்.

"எல்லாமேன்னா?"

"எல்லாமேதான் அத்தை."

"நீ பாத்தியா?"

"சரியா எழுதுதான்னு பாக்கத்தான் திறந்தேன். பாத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

துணி நின்றது. பிறகு மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மருமகள் பதறி எழுந்தால், மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார்.

"உதவின்னு வேற தட்டினேனேடி."

"பாத்தேன் அத்தை."

"பட்டியல் போட்டுச்சு. தேடு, எடு, போதும்." கண்ணோரத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். "தேடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், போதும்னு சொல்லிட்டு இருந்துடலாம்னுதான் அன்னிக்கு நினைச்சேன். மறுநாள் அந்த மனுஷன் திருகு வாங்க வந்து நிக்கறார். நான் என்ன பண்றது?"

மருமகள் தன் பையை ஸ்டூலில் வைத்தாள். விசைப்பலகையின் முன் போய் நின்றாள். அழிக்கும் கட்டளை ஒரே வரிதான், நொடியில் ஆகிவிடும். அதைத் தட்டி, எண்டர் தட்டாமல் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது வாசலில் 'ணங்' என்று சத்தம் கேட்டது. தொடர்ந்து, "இந்த நிலையை யார் இவ்வளவு தாழ்வா வச்சது?" என்று வாரா வாரம் கேட்கும் கேள்வியும் வந்தது. குட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தான். செருப்பெல்லாம் செம்மண். அம்மா முகத்தைப் பார்த்தான், மனைவி முகத்தைப் பார்த்தான். இரண்டிலும் ஒன்றும் பிடிபடாமல், உட்கார இடம் தேடினான். ஒரு ஸ்டூலில் அம்மாவின் பை இருந்தது. இன்னொன்றில் மனைவியின் பை.

"ஒரு மனுஷன் உக்கார இந்தக் கடையில இடமே இல்லையா?"

"இருந்துச்சு" என்றார் மாமியார். "நீதான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனே."

அவன் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவனுக்குப் புரிந்தது என்று மருமகளுக்குப் புரிந்தது. அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். பிறகு டிராயர்களைப் பார்த்தான். அப்பாவுக்கு மனப்பாடமாயிருந்த அறுநூற்று நாற்பதையும் எண்ணிவிடுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அம்மாவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மேஜையை முட்டின.

"என்னம்மா?" என்றான். குரலில் கோபம் இல்லை. ஆனால் பயம் இருந்தது, பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுப் போகிற அம்மாவைப் பார்க்கிற பிள்ளைக்கு இருப்பது போல.

மாமியார் துணியை மடித்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். மருமகளைப் பார்த்து, எண்டரைத் தட்டு என்று தலையசைத்தார். அவள் தட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்த எல்லா வரியும் போயின. திரையில் அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் குறி மட்டும் ஒரு மூலையில் விட்டு விட்டு மின்னியது.

கோவிச்சுக்காதே என்றோ, அப்பாவை மறக்கவில்லை என்றோ அவர் ஆரம்பிக்கவில்லை. அந்தக் கோப்பில் எங்குமே இல்லாத ஒரு வரியைத்தான் சொன்னார்.

"குட்டி, நான் ஊசி டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கட்டுமா?"