இந்த இடத்துக்கு ஆள் வருது

பக்கத்து நாற்காலியில் துவாலையை விரித்து வைத்திருக்கிறேன், வெள்ளைத் துவாலை, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் குட் மார்னிங் என்று போட்டிருக்கும், இந்த நாட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் கழுத்திலெல்லாம் கிடப்பது, துவைத்துத் துவைத்து குட் அழிந்துபோய் மார்னிங் மட்டும் மிச்சமிருக்கிறது, ஒரு சீனக் கிழவர் வந்து நின்று ஆள் இருக்கா என்று மலாயில் கேட்கிறார், வருது, ஆள் வருது என்று தமிழிலேயே சொல்லித் தலையை ஆட்டுகிறேன், அவர் துவாலையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நகர்ந்து போய்விடுகிறார், குடிநுழைவு அலுவலகத்தின் இந்தக் கூடத்தில் நிற்க இடமில்லை, நான் மட்டும் ஒரு துவாலைக்கு நாற்காலி கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும், அவர் வருவார், கட்டாயம் வருவார், போன வருஷம் வந்தார், அதற்கு முந்தின வருஷமும் வந்தார், என்னோடு குடித்தனம் நடத்தத்தான் வருவதில்லையே தவிர இந்த ஒரு நாளைக்கு ஜோகூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் புருஷனாக உட்கார்ந்துவிட்டுப் போவார், வெளிநாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இங்கே தங்குகிற பாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கட்டினவன் கூட வந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும், இன்றோடு என் பாஸ் முடிகிறது, அவர் வந்தால் இன்னொரு வருஷம் கிள்ளானில் என் பிள்ளையோடு இருப்பேன், வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், நான் மட்டும், லோசினி வரமாட்டாள், அவ இந்த ஊரு புள்ள, அவ எங்கயும் வரமாட்டா, நீ வேணும்னா போ லா என்று அவர் என்றைக்கோ சொல்லியாயிற்று.

துண்டு போட்டு இடம் பிடிப்பது அறந்தாங்கிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டால் அந்த இடம் நம்முடையது, ராஜாவே வந்தாலும் எடுக்க மாட்டான், அவர் எடுத்தார், கல்யாணமான புதிதில், புதுக்கோட்டையில் என் சித்தி வீட்டு விருந்துக்குப் போகிறோம், மலேசியா மாப்பிள்ளை, எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிய ஒருவரின் பேரன், குணாளன் என்று பெயர், கூட்டத்தோடு கூட்டமாக இடித்துக்கொண்டு எப்படியோ எனக்கு முன்னால் ஏறிவிட்டார், ஏறினால் ஒரு சீட்டில் துண்டு கிடக்கிறது, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நாலு பக்கமும் பார்த்து, நேரே கண்டக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அண்ணே, யாரோ பாவம், துண்ட மறந்துட்டுப் போயிட்டாங்க, ஜன்னலுக்கு வெளியே இருந்து துண்டுக்காரர் கத்துகிறார், யோவ், எடம் போட்ட துண்ட எடுக்குறியே, நீ எந்த ஊருய்யா, இவர் மரியாதையாகத் திரும்பி மலேசியாங்க என்கிறார், அவ்வளவுதான், கண்டக்டர் முதல் கைக்குழந்தைக்காரி வரைக்கும் சிரிக்கிறார்கள், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன், தாலி கட்டியபோது வராத ஆசை அந்தப் பஸ்ஸில்தான் வந்தது, இடம் போட்ட துண்டை மறந்துபோன துண்டு என்று நினைக்கிற மனுஷன், சூது தெரியாதவர், இவரை நம்பி எந்தக் கடலையும் தாண்டலாம் என்று தோன்றியது, தாண்டினேன், என் புத்தி அவ்வளவுதான்.

அவர் என் ஊரில் ஒரு கூத்து அடித்தாரென்றால் நான் அவர் ஊரில் ஒன்று அடித்தேன், இதே கூடத்தில், அந்த மூலை கவுண்டரில், வந்த புதிதில், அக்கம்பக்கத்தில் எல்லாரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள், கேட்டதுக்குப் பட்டுனு பதில் சொல்லணும், யோசிச்சா பொய்க் கல்யாணம்னு நெனச்சுக்குவாங்க, தலையில் முக்காடு போட்ட அதிகாரி அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, நாமா சுவாமி என்று கேட்டாள், நாமம் தெரியும், சுவாமி தெரியும், அட இவ்வளவுதானா மலாய் என்று தைரியம் வந்து பட்டென்று சொன்னேன், முருகன், அந்த அம்மாள் தாளைப் பார்த்தாள், அதில் குணாளன், சுவாமி என்று மறுபடி அழுத்திக் கேட்டாள், முருகன்தாங்க, எங்க வீட்டுல எல்லாருக்கும் முருகன்தான் என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன், அவள் முகம் மாறிவிட்டது, பக்கத்தில் இவர் கவுண்டர் பலகையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், சிரிப்புக்கு நடுவில் மலாயில் என்னமோ விளக்குகிறார், பிறகு அந்த அம்மாளும் சிரித்து, அடுத்த கவுண்டரும் சிரித்து, முத்திரை விழுந்தது, வெளியே வந்ததும், அடியே, இங்க சுவாமின்னா புருசன்டி, நான்தான் உன் சாமி, கும்பிட்டுக்க என்றார், கையிலிருந்த பைலாலேயே முதுகில் ஒன்று வைத்தேன், அப்புறம் லோசினி பிறந்து பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் வீட்டில் எனக்குப் பெயர் முருகன் பொண்டாட்டி, ஏ முருகன் பொண்டாட்டி, தேத்தண்ணி எங்க, ஏ முருகன் பொண்டாட்டி, சட்டைய காணோம், அந்தக் குரல் இப்போதும் சமையலறையில் கேட்கிறது, திரும்பிப் பார்த்தால் குக்கர்தான் இருக்கிறது.

போனவர் எப்படிப் போனார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, சண்டையா, இல்லை, குடியா, இல்லை, ஜோகூருக்கு லாரியில் லோடு போகிறேன் என்று போனார், லோடு நீண்டது, ஒரு நாள் வந்து தன் துணிகளை எடுத்துக்கொண்டு போனார், கொடியில் காய்ந்த இந்தத் துவாலையை மட்டும் மறந்துவிட்டார், அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, மாப்பிள்ளை நல்லாருக்காராடி என்று போனில் கேட்டால் டூட்டிக்குப் போயிருக்காரும்மா என்பேன், அறந்தாங்கியில் என் புருஷன் இன்னும் என்னோடுதான் இருக்கிறார், இங்கே வருஷத்துக்கு ஒரு நாள் இருக்கிறார், அந்த நாளுக்கு நான் புடவை எடுத்துத் தனியாக வைக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூ வாங்கி வைத்துக்கொள்கிறேன், முன்னாலேயே வந்து துவாலையைப் போட்டு வைப்பேன், அவர் தேய்த்த சட்டையில் வருவார், யார் தேய்த்தது என்று கேட்கமாட்டேன், எடம் போட்டுட்டியா என்று சிரித்து, துவாலையை எடுத்து முகம் துடைத்து, கழுத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார், வேற சோப்பு வாசனை அடிக்கும், இன்னும் சேர்ந்துதான் இருக்கீங்களா என்று கவுண்டரில் கேட்டால் இருவரும் ஒரே குரலில் ஆமா என்போம், கீழே கடையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வாங்கித் தருவார், வேர்க்கடலையை ஒதுக்கி என் பக்கம் தள்ளுவார், பழைய வழக்கம், கை மறக்கவில்லை, போன வருஷம் அந்தக் கடையில்தான் கேட்டேன், அந்த பி.ஆர். மனுவுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, நிரந்தரமா இருக்க அனுமதி கெடச்சா நான் பாட்டுக்கு இருந்துக்குறேன், உங்களை வருசா வருசம் இழுக்க மாட்டேன், அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே அடுத்த வருசம் பாக்கலாம்லா என்றார், நான் வற்புறுத்தவில்லை, ஏன் வற்புறுத்தவில்லை, பி.ஆர். வந்துவிட்டால் இந்த ஒரு நாளும் போய்விடுமே, அடுத்த வருஷம் யாருக்கு நான் பூ வைத்துக்கொள்வது, மானங்கெட்ட மனசு, செருப்பால் அடித்தாலும் அதற்கு உறைக்காது.

கூடம் ஒரு பஸ்ஸாக ஆடுகிறது, அறந்தாங்கி பஸ்தான், கவுண்டர்க் கண்ணாடிக்குப் பின்னால் கண்டக்டர்கள் உட்கார்ந்து முத்திரை குத்துகிறார்கள், கனவிலும் இப்படித்தான் வரும், ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவேன், துண்டு சீட்டில் விழும், நான் படி ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடும், என் இடம் என்னை விட்டுவிட்டுப் போகும், பின்னால் ஓடுவேன், முழித்துக்கொண்டால் லோசினி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள், இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, மா, அப்பா வந்தா சாயந்தரம் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கமா, நான் மைலோ போட்டுத் தரேன், இப்ப எனக்குக் கட்டி இல்லாம கலக்கத் தெரியும் என்றாள், சரிம்மா என்றேன், சரி என்று சொல்ல என்ன செலவு, எண் நெருங்கிக்கொண்டிருக்கிறது, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது, போன் போடுகிறேன், அடிக்கிறது, அடிக்கிறது, எடுத்தாச்சு, எங்க வந்துட்டிருக்கீங்க என்கிறேன், அக்கா என்று ஒரு பெண் குரல்.

அக்கா, நான் சுகந்தி பேசுறேன், வச்சுடாதீங்க, அவரு வரமாட்டாருக்கா, நான்தான் வேணாம்னு சொன்னேன், எனக்கு இது ஆறாவது மாசம், நீங்க வருசா வருசம் அவரு பொண்டாட்டியா போயி உக்காந்துட்டு வரீங்க, நான் எங்கக்கா போயி உக்காருறது, அழுகிற குரலில்லை, அழுது முடித்த குரல், இந்தக் குரலுக்கென்று எத்தனை வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், குழம்பு கிண்டும்போது, துணி பிழியும்போது, அவளை எதிரில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன், ஒன்றாவது வந்ததா, டாக்டர்கிட்ட ஒழுங்கா காட்டுறியா என்று கேட்கிறது என் வாய், பாழாய்ப்போன வாய், காட்டுறேன்க்கா என்கிறாள், அவர்கிட்ட குடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன் என்றேன், இங்கதான் நிக்கிறாரு, வாங்க மாட்டேங்குறாருக்கா, சும்மா சொல்லவில்லை, அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது, லாரிப் புகையில் வந்த செருமல், அந்தச் செருமல் கேட்டுத்தான் கதவைத் திறப்பேன், என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வந்துடுங்க, உங்க புள்ளைக்காக வாங்க, நான் கெஞ்சுறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறேன், செருமல் தள்ளிப் போகிறது, ஒரு கதவு சாத்துகிற சத்தம், அவரு வெளிய போயிட்டாருக்கா, மன்னிச்சுடுங்க என்று சுகந்தி வைத்துவிட்டாள்.

என் எண் வந்துவிட்டது, பையை எடுத்துக்கொண்டேன், துவாலையை எடுக்கவில்லை, எடுத்தால் வரவில்லை என்று நானே சொன்னது போலாகிவிடும், கவுண்டரில் சின்ன வயசுப் பெண், என் பின்னால் எட்டிப் பார்த்து, சுவாமி மானா என்று கேட்கிறாள், புருஷன் எங்கே என்று அர்த்தம், இப்போது அர்த்தமெல்லாம் தெரியும், தெரியாமலிருந்த நாளே நன்றாக இருந்தது, முருகன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று நிஜமாகவே தோன்றியது, சொன்னால் பக்கத்திலிருந்து யாராவது பலகையைத் தட்டிச் சிரித்துவிட மாட்டார்களா, சிரித்து விளக்கி முத்திரை வாங்கித் தர மாட்டார்களா, பக்கத்தில் யாருமில்லை, சுவாமி இல்லை என்றேன், வரமாட்டார் என்றேன், மலாயில் தட்டுத் தடுமாறி, மகள் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன், அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், கல் நெஞ்சுக்காரி இல்லை, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளி, காக்கா, அவர் வராமல் என்னால் புதுப்பிக்க முடியாது, ஊருக்குக் கிளம்ப மட்டும் கொஞ்சம் அவகாசம் போட்டுத் தருகிறேன் என்றாள், காக்கா என்றால் அக்கா, இன்றைக்கு எல்லாருக்கும் நான் அக்கா, யாருக்கும் பொண்டாட்டி இல்லை, முத்திரை விழுந்தது, அதே சத்தம்தான், நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சத்தம், சாயந்தரம் லோசினி மைலோவைக் கலக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள், அவளிடம் எதை முதலில் சொல்வது, அப்பா வரவில்லை என்றா, அம்மா போகிறேன் என்றா.

திரும்பி வருகிறேன், என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜோடி நிற்கிறது, அவள் கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் காயவில்லை, நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது, அவன் இந்த ஊர்ப் பையன், துவாலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் பார்க்கிறான், அவள் பதறி அவன் கையில் ஒன்று போடுகிறாள், ஐயோ வைங்க, அது எடம் போட்டது, இவன் ஒன்றும் புரியாமல் சிரிக்கிறான், அவளும் சிரிக்கிறாள், நான் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறாள், ஏக்கா, இந்த எடத்துக்கு ஆள் வருதா.

வருது, ஆள் வருது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கினேன். ஆள் வரலம்மா, யாரோ பாவம், மறந்துட்டுப் போயிட்டாங்க, நீங்க உக்காருங்க என்றேன். உங்களோடது இல்லையாக்கா என்று அவள் இழுத்தாள், இல்லம்மா என்றேன். அவள் இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்து, கைப்பையை இன்னொன்றில் வைத்து, சீக்கிரம் வாங்க என்று அவனிடம் சொன்னாள், அவன் துவாலையைக் கொண்டுபோய் வாசல் காவலாளியிடம் கொடுத்தான், காவலாளி அதை வாங்கி மடித்து, யாரோ விட்டுவிட்டுப் போன குடைக்கும் ஒரு குழந்தையின் தண்ணீர்ப் போத்தலுக்கும் பக்கத்தில் வைத்தார், தேடிக்கொண்டு யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று.